காலை முட்டையை இரவிலேயே தயார் செய்வோம்



நம் மஹல்லாவில் பிள்ளைகளின் காலை நேரம் மிகவும் நெருக்கடியானது. ஃபஜ்ருக்குப் பிறகு மக்தப். ஆறரை மணிக்குப் போகிற பிள்ளை ஏழே முக்காலுக்குத்தான் வீடு திரும்பும். அதற்குள் அத்தா ஷிஃப்டுக்குக் கிளம்பியிருப்பார். வேலைக்குப் போகும் அம்மாவாக இருந்தால் அவரும் ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ ஓடிக்கொண்டிருப்பார். ரயில்வே கேட் மூடிவிட்டால் கூட்ஸ் வண்டி முழுவதும் போய் முடியும்வரை நிற்க வேண்டும் என்பது கொருக்குப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் எல்லோருமே பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுகிறோம். அந்தப் பத்து நிமிடத்தை எதிலிருந்து எடுக்கிறோம் என்று பார்த்தால், பெரும்பாலும் பிள்ளையின் சாப்பாட்டிலிருந்துதான் எடுக்கிறோம். ஒரு டம்ளர் டீ, இரண்டு பொறை, அவ்வளவுதான். சில வீடுகளில் கையில் பத்து ரூபாயைக் கொடுத்து, "வழியில ஏதாச்சும் வாங்கிச் சாப்பிடு" என்று அனுப்புகிறோம். அந்த "ஏதாச்சும்" என்னவென்று பள்ளி வாசல் பெட்டிக்கடையைப் பார்த்தாலே தெரியும்.

கல்வி உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் தாய்மார்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "படிக்க மாட்டேங்கிறான், ஸ்கூல்ல தூங்குறானாம்." டீயிலும் பொறையிலும் இருப்பது சர்க்கரையும் மைதாவும். அவை சீக்கிரம் செரித்துவிடும். பத்து மணிக்கெல்லாம் வயிறு காலி. மதியம்வரை அந்தப் பிள்ளை பாடத்தைக் கவனிப்பதா, பசியைக் கவனிப்பதா?

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நம் வட சென்னை நூறு வருடங்களுக்கு முன்பே பேசியிருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் நம் பிள்ளைகள் படிக்கும் தியாகராயா கல்லூரி யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தப் பிட்டி தியாகராயர் 1920-ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தார். ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர அப்போதுதான் மாநகராட்சி மன்றம் ஒப்புதல் அளித்தது. ஒரு பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு செய்யலாம் என்று கணக்கு. பிறகு காமராசர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு என்று அது வளர்ந்தது. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று சத்துணவுத் தட்டில் முட்டை வந்தது. படிப்படியாகக் கூடி, 2010-ல் வாரத்தின் ஐந்து பள்ளி நாட்களிலும் முட்டை என்றானது. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2025 ஆகஸ்ட் முதல் நகர்ப்புறத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது வந்திருக்கிறது.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. அந்தக் காலை உணவு 5-ம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று அதன் பட்டியலிலும் முட்டை கிடையாது, முட்டை மதியம்தான். ஆகவே ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளையின் காலை வயிறு முழுக்க வீட்டின் பொறுப்பு. வளர்த்தி அதிகமாகும் வயதும் அதுதான். தனியார் பள்ளிக்கு அனுப்புகிற வீடுகளுக்கு எல்லா வகுப்பிலும் இதே நிலைதான்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் இரண்டே முட்டை இருந்தால் அவை யாருக்குப் போகின்றன? பெரும்பாலும் அத்தாவுக்கும் மகனுக்கும். தம்பியைக் கிளப்பிவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு, கடைசியில் டீயைக் குடித்துவிட்டு ஓடுகிற பன்னிரண்டு, பதிமூன்று வயது ராத்தாக்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! மத்திய அரசின் 2019-21 குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தெரிய வந்தது. வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் குறைகிறது. உணவில் அதை ஈடுகட்டாவிட்டால் அவள் சோர்ந்துதான் போவாள். அதைச் சோம்பேறித்தனம் என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம்.

ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். முட்டை சாப்பிட்டால் மட்டும் இரத்தம் ஊறிவிடாது. ஒரு முட்டையில் இருக்கும் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம் அளவுதான். அந்த வயதுப் பெண் பிள்ளைக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 30 மில்லிகிராம் வேண்டும். முட்டை தருவது சுமார் 6 கிராம் நல்ல புரதம், பி12 போன்ற சத்துகள், மதியம்வரை தாங்கும் வயிறு. இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, ஈரல், இறைச்சி எல்லாம் வேண்டும். பக்கத்தில் எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற புளிப்பான பொருள் ஏதாவது இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அது சேராமல் தடுக்கும். டீயை விட முடியாதவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அந்தக் குமட்டலுக்குப் பயந்தே நம் பிள்ளைகள் பலர் அதைத் தூக்கி எறிகிறார்கள்.

சரி, காலையில் நேரம் இல்லை என்பதுதானே பிரச்சினை? அதற்கு வழி இரவில் இருக்கிறது. இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம் போதும். அதை அம்மாதான் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முட்டை அவிக்கத் தெரியாத அத்தாமார்கள் இருக்க முடியாது.

அவித்த முட்டை

முட்டை வாங்கும்போது விரிசல் விட்டதை, மேலே எச்சம் ஒட்டியதை ஒதுக்கிவிடுங்கள். விலை குறைவு என்று விரிசல் முட்டையைத் தனியாக விற்பார்கள்; வேண்டாம். பழையதா என்று பார்க்க ஒரு பாத்திரம் தண்ணீரில் போடுங்கள். கிடையாகப் படுத்தால் புதியது. செங்குத்தாக நின்றால் பழசு, உடனே சமைத்துவிட வேண்டும். மிதந்தால் கொட்டிவிடுங்கள். நாள் ஆக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெரிதாகிறது, அதனால்தான் மிதக்கிறது. வாங்கி வந்தவுடன் கழுவி அடுக்காதீர்கள். ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு உண்டு. கழுவினால் அது போய்விடும். அவிப்பதற்குச் சற்று முன் கழுவினால் போதும்.

பழுப்பு ஓடு உள்ளதைச் சத்து அதிகம் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நாமக்கல்லிலிருந்து லாரியில் வரும் வெள்ளை முட்டையே போதும். மிச்சப் பணத்தில் இன்னும் சில முட்டை வாங்கலாம்.

முட்டைகளுக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 10 நிமிடம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையானால் இன்னும் இரண்டு நிமிடம். நேரம் பார்க்காமல் அரை மணி நேரம் கொதிக்க விடுவதால் பயன் ஒன்றுமில்லை. மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் வருகிறதே, அது அதிகம் வேகவைத்ததன் அடையாளம். வெள்ளையில் உள்ள கந்தகமும் மஞ்சளில் உள்ள இரும்பும் சூட்டில் சேர்ந்து அப்படி ஆகின்றன. சாப்பிட்டால் கெடுதல் இல்லை. ஆனால் அந்த வாடைக்குத்தான் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள். முட்டையே பிடிக்காது என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

இட்லிப் பானையிலும் அவிக்கலாம். அடியில் தண்ணீர் கொதித்ததும் தட்டில் முட்டைகளை வைத்து மூடி 12 நிமிடம். ஆவியில் வெந்த முட்டைக்கு ஓடு சுலபமாகக் கழன்றுவரும். மிகப் புதிய முட்டையில் வெள்ளைக்கரு உள்தோலோடு ஒட்டிக்கொள்ளும். வாங்கி ஐந்தாறு நாள் ஆன முட்டை உரிக்கச் சுலபம். அதையே அவிக்க எடுத்துக்கொள்ளுங்கள்.

வெந்ததும் குளிர்ந்த தண்ணீரில் போடுகிறோம் அல்லவா, அங்கே கவனம் வேண்டும். சூடான முட்டை ஆறும்போது உள்ளே சுருங்கி, ஓட்டின் துளைகள் வழியாக வெளித் தண்ணீரை இழுக்கும். டிரம்மில் இரண்டு நாள் நின்ற தண்ணீரில் போட்டால் அதில் உள்ளதும் உள்ளே போகும். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். அவித்த முட்டை பச்சை முட்டையைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதும் பலருக்குத் தெரியாது. கொதியில் மேல்பூச்சு போய்விடுவதால் காப்பு இல்லாமல் போகிறது.

ஆறியதும் ஈரம் துடைத்து, ஓட்டின் மேல் பென்சிலால் தேதியை எழுதி, இரண்டு மணி நேரத்துக்குள் மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கதவில் வேண்டாம், உள் தட்டில். ஓட்டோடு ஒரு வாரம்வரை இருக்கும் என்பது பொதுவான கணக்கு. நம் பகுதியில் கரண்ட் போய் வருவதையும் கணக்கில் எடுத்தால், மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் அவிப்பதே நல்லது என்று நாம் சொல்வோம். ஓடு உரித்தால் மறுநாளே முடித்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் வெள்ளைக்கரு ரப்பர் போல ஆகிவிடும். மைக்ரோவேவ் இருக்கும் வீடுகளில் முழு முட்டையை அதில் சூடு பண்ணவே கூடாது. வெளியே எடுத்த பிறகும் கையிலேயோ வாயிலேயோ வெடிக்கும்.

காலையில் உரித்து, இரண்டாகக் கீறி, உப்பும் மிளகும் தூவினால் முடிந்தது. தினமும் அதே ருசியா என்று முகம் சுளித்தால், பாரிமுனை, வியாசர்பாடிப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டும் திணித்து, புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் விட்டுத் தருகிறார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். வறுத்த வெங்காயம் ஒரு பாட்டிலில் இருந்தால் வீட்டிலேயே அதைச் செய்ய ஒரு நிமிடம்.

இட்லித் தட்டில் முட்டை

முட்டையை முன்கூட்டியே செய்து வைப்பது நமக்குப் புதிதல்ல. பெருநாள் காலையில் இடியாப்பத்தோடு வைக்கிற வட்லாப்பம் என்ன? முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கலந்து, முந்தின இரவே ஆவியில் அவித்து ஆறவைத்தது. நன்னிமார்களுக்குக் கைவந்த வேலை. அதையே உப்புச் சுவையில், பள்ளி நாளுக்காகச் செய்வதுதான் இது.

ஆறு முட்டைக்கு ஒரு பெரிய வெங்காயம், ஒரு கேரட், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. காயை முதலில் எண்ணெயில் வதக்கி ஈரத்தை வற்றவிடுங்கள். பச்சையாகப் போட்டால் மறுநாள் தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். வதக்கியது ஆறியதும், உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் மஞ்சள்தூள் போட்டு அடித்த முட்டையில் கலந்து, எண்ணெய் தடவிய இட்லிக் குழியில் முக்கால் அளவு ஊற்றுங்கள். வேகும்போது உப்பி எழும். 10 நிமிடம் ஆவியில் வைத்து, நடுவில் குத்திப் பார்த்தால் ஈரம் ஒட்டக் கூடாது. எட்டுக் குழி அளவுக்கு வரும். பணியாரக் கல்லிலும் ஊற்றலாம். ருசி கூடும், எண்ணெயும் கூடும்.

ஆறவைத்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். காலையில் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் புரட்டி, உள்ளே வரை நன்றாகச் சூடு ஏறியதும் எடுங்கள். மக்தபிலிருந்து வரும் பிள்ளை நின்றுகொண்டே இரண்டு சாப்பிட்டுவிடும். முந்தின இரவு சுட்ட சப்பாத்தி இருந்தால் நடுவில் வைத்துச் சுருட்டிக் கையில் கொடுத்துவிடலாம். நோன்பு மாதத்தில் ஸஹருக்கும் இது உதவும். அப்போது உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், பகலில் தாகம் எடுக்காது.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு

மேலே சொன்ன எதையும் ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் செய்யக் கூடாது. இரவு ஒன்பது மணிக்கு அவித்த முட்டை காலை ஏழு மணிவரை வெளியே இருந்தால் பத்து மணி நேரம் ஆகிறது. தகர ஷீட் போட்ட வீட்டின் சித்திரைப் புழுக்கத்தில் அது பிள்ளைக்குக் கொடுக்கத் தகுந்ததல்ல. வாடை வரவில்லையே என்று சொல்ல வேண்டாம். வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் வாடை காட்டுவதில்லை.

அந்த வீடுகளில் முட்டையை முன்கூட்டியே செய்யாமல், முட்டைக்கான தொக்கை முன்கூட்டியே செய்யுங்கள். வேலையில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. மூன்று பெரிய வெங்காயம், மூன்று தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், சுண்டைக்காய் அளவு புளிக்கரைசல். தண்ணீர் துளியும் இல்லாமல் சுண்டி எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். தேங்காய் சேர்க்கக் கூடாது. புளியும் எண்ணெயும் சேர்ந்து சுருண்ட தொக்கு ஓர் இரவு தாங்கும். ஈரக்கரண்டி போடாமல் மூடிவையுங்கள். காலையில் அதை நன்றாகக் கொதிக்க விட்டு, இரண்டு கரண்டி தண்ணீர் சேர்த்து, குழி செய்து முட்டையை உடைத்து ஊற்றி மூடினால் ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். பழைய சோற்றுக்கும் ஆகும், இட்லிக்கும் ஆகும், பன்னுக்கும் ஆகும். பச்சை முட்டையை இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் வாங்கி, வெயில் படாத, அடுப்புக்குத் தள்ளிய இடத்தில் வையுங்கள். முட்டை அட்டையோடு 30 வாங்குவது விலைக்கு லாபம்தான். நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் அந்த லாபமும் கிடைக்கும், கெட்டும் போகாது.

யார் யார் கவனமாக இருக்க வேண்டும்

சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் ஆகியோருக்கு ஆஃப்பாயில் வேண்டாம். மஞ்சள் கரு இறுகும்வரை வேகட்டும். பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் குடித்தால் பலம் வரும் என்று பையன்களுக்குக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். வெந்த முட்டையின் புரதமே உடம்பில் அதிகம் சேரும். பச்சை முட்டையைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த பாத்திரத்தைத் தொட வேண்டும்.

நல்ல ஆரோக்கியமான பெரியவர்கள் நாள் ஒன்றுக்கு ஒரு முட்டை தாராளமாகச் சாப்பிடலாம். சர்க்கரையும் இதய நோயும் உள்ள நன்னா, நன்னிமார்கள் எத்தனை சாப்பிடலாம் என்று தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. முட்டையைவிட அதைப் பொரிக்கும் டால்டாதான் அவர்களுக்குப் பெரிய எதிரி என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

முட்டை சாப்பிட்டவுடன் பிள்ளைக்கு உடம்பில் தடிப்பு வந்தாலோ, உதடு வீங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ அதை அடம் என்று எண்ணி மறுநாளும் திணிக்காதீர்கள். சில பிள்ளைகளுக்கு முட்டை ஒவ்வாது. மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஒவ்வாமை என்று டாக்டர் உறுதி செய்த பிள்ளைக்கு வேகவைத்த கொண்டைக்கடலையோ முளைகட்டிய பயறோ இதே போல முந்தின இரவே ஊறவைத்துத் தயார் செய்யலாம். பள்ளியிலும் வகுப்பு ஆசிரியரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் மறக்காமல் சொல்லிவையுங்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு அங்கே வாழைப்பழம் தருவார்கள்.